மருமகன் அனுப்பிய பட்டியல்

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் என் மருமகன் எனக்கென்று முதன்முதலாக எழுதி அனுப்பியது ஒரு பட்டியல். மேலே 'சுகமா' என்று ஒரு வார்த்தை இல்லை. கீழே பெயர் இல்லை. ஓட்டுநர் லைசென்ஸ், அசல். அதோடு சேர்த்துக் காட்ட, ஒரு வருஷம் செல்லுபடியாகிற சர்வதேச அனுமதிப் புத்தகம். பாஸ்போர்ட். காரின் பதிவுச் சீட்டு, அதுவும் அசல், நகல் காட்டினால் ஏற்கமாட்டார்கள். இன்சூரன்ஸ் தாள், அதில் நானும் ஓட்டலாம் என்று எழுதியிருக்க வேண்டும். எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்குப் போனால் அதற்கு வேறொரு இன்சூரன்ஸ் தாள். வண்டி நின்றுபோனால் பின்னால் வைக்கச் சிவப்பு முக்கோணம். முதலுதவிப் பெட்டி, காலாவதி ஆகாதது. இருட்டில் மின்னும் மேல்சட்டை. கண்ணாடி போட்டு ஓட்டுகிறவள் என்றால் கையிருப்பாக இன்னொரு கண்ணாடி.

இரண்டு தடவை படித்தேன். நான் ஜெர்மனிக்கு வருவதில் இவனுக்கு இஷ்டமில்லை என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்ய எனக்குக் காரணம் இருந்தது. என் மகளும் அவனும் நர்ஸிங் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் கோட்டயம் பக்கத்து மலையாளி. பதிவுத் திருமணம் முடிந்து மூன்றாம் நாள்தான் எனக்குத் தகவல் வந்தது, அதுவும் போனில். ஆறு மாதத்தில் இரண்டு பேரும் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். மகளோடு நான் பேசாமல் இருந்ததில்லை. அவன் குறுக்கே வந்தால் மட்டும் 'ம்' என்பேன். அவனும் 'ம்' என்பான். மூன்று வருஷம் எங்கள் உறவு அந்த ஒற்றை எழுத்தில்தான் ஓடியது.

இப்போது மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. அவர்கள் இருக்கிற சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை மூடிவிட்டார்கள். பிரசவத்துக்கு நாற்பது கிலோமீட்டர் காட்டுப் பாதையில் போக வேண்டும். பட்டியல் வருவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் போனில் அவள் சொன்னாள்:

"அம்மா, நீ வரணும். வீட்ல கார் இருக்கு, ஓட்ட ஆள் இல்ல. வலி வந்தா என்னைக் கூட்டிட்டுப் போக நீதான் வேணும்."

"உன் புருஷன் என்ன பண்றான்? வந்த புதுசுல அவன்தானே ஓட்டினான்."

"நம்ம ஊரு லைசென்ஸ் இங்க குடியிருக்கிறவங்களுக்கு ஆறு மாசந்தான் செல்லும். அப்புறம் இங்கத்த பரீட்சை பாஸாகணும். அவனுக்கு இன்னும் ஆகல."

"ரெண்டரை வருஷமா அங்கயே கிடக்கிறவன் ஓட்டக் கூடாது. நேத்து வந்து இறங்கின நான் ஓட்டலாமா?"

"ஆமாம்மா. நீ விருந்தாளி. விருந்தாளிக்கு லைசென்ஸும் சர்வதேச அனுமதிப் புத்தகமும் இருந்தாப் போதும்."

இப்படி ஒரு சட்டம் எந்த ஊரிலாவது இருக்குமா? வீட்டுக்காரனுக்குச் சாவி கிடையாது, விருந்தாளிக்குச் சாவி உண்டாம். ஏதோ தப்புக்கு என் தலையைக் கொடுக்கப் பார்க்கிறான் என்றே நினைத்தேன். ஆனால் மகள் வயிற்றில் பிள்ளையோடு கூப்பிடுகிறாள். பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதையென்று தாண்டவும் முடியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் மட்டாஞ்சேரியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். என் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே, இந்த மலையாள ஊருக்கு, நகராட்சி வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, கட்டிக்கொண்டது எல்லாம் இங்கேதான். என் வீட்டுக்காரர் பஜார் ரோட்டு மிளகு, இஞ்சிக் கிடங்குகளுக்கு டெம்போ ஓட்டினார். அவர்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் போன பிறகு டெம்போவை விற்று வேன் வாங்கினேன். பதினெட்டு வருஷமாகிறது. இந்தத் தொழிலுக்குச் சந்தேகம் உப்பு மாதிரி, அது இல்லாமல் வேகாது. எல்லாரும் இறங்கியாச்சா என்று கேட்டால் பிள்ளைகள் ஆமாம் என்றுதான் கத்தும். நான் நம்பமாட்டேன். கடைசி சீட்டுவரை போய்க் குனிந்து பார்ப்பேன். இரண்டு தடவை தூங்கிப்போன குழந்தை கிடைத்திருக்கிறது. அதனால் என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்கிறவர்களை நான் கண்டுகொள்வதில்லை.

பட்டியலை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பதிவுச் சீட்டின் அசலை வண்டியிலேயே வைக்க வேண்டுமாம். என் வேனில் இருப்பது நகல். அசல் அலமாரியில், பட்டுப் புடவைக்கு அடியில். அசலை வண்டியில் வைத்துவிட்டு வண்டி களவுபோனால் எதைக் காட்டுவது? மேல்சட்டையைக் கார் டிக்கியில் வைக்கக் கூடாது, உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற மாதிரி வைக்க வேண்டும் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தான். யாரிடம் கதைவிடுகிறான் இவன் என்று எனக்கு ஆத்திரம்.

மகளிடம் கேட்டேன். "சட்டையை எங்க வெச்சா என்னடி?"

"அம்மா, ரோட்டுல வண்டி நின்னுபோச்சுன்னா இறங்கறதுக்கு முன்னாடி போடணும். இறங்கி டிக்கியைத் திறக்கிறதுக்குள்ள பின்னால வர்றவன் இடிச்சுட்டா?"

அது நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

அந்தச் சாமானெல்லாம் காரில் ஏற்கெனவே இருக்கிறது என்று அவள் சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. சுள்ளிக்கல்லில் வண்டிச் சாமான் கடைக்குப் போய் நானே ஒரு முக்கோணமும் இரண்டு மேல்சட்டையும் வாங்கினேன். கடைக்கார சேட்டன் ரொம்ப நாள் பழக்கம்.

"சேச்சி ரோடு பணிக்குப் போகுவாணோ?" என்று கேட்டார்.

"ஜெர்மனிக்குப் போறேன்."

"அவிடெ இது கிட்டில்லே?"

"கிடைக்கும். என் மருமகன் வாங்கி வெச்சிருப்பானான்னுதான் தெரியாது."

அவர் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினார்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, காலி வேனில் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து பழகினேன். அங்கே ஸ்டியரிங் இடதுபக்கம், வண்டி போவது வலதுபக்கம். ஓடாத வேனில், இல்லாத ஸ்டியரிங்கை இடதுகையால் பிடித்து, இல்லாத கியரை வலதுகையால் மாற்றினேன். அந்த வழியாகப் போன மீன்காரி நின்று பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனாள். எனக்கு வெட்கமில்லை. நாற்பது கிலோமீட்டர் காட்டுப் பாதையில், பக்கத்தில் வலியோடு மகள் இருக்கும்போது, எந்தக் கை எங்கே போகவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்க முடியுமா?

அனுமதிப் புத்தகத்துக்கு யாரைப் பிடிப்பது என்று விசாரித்தபோது ஒரு ஏஜென்ட் தானாக வந்து மாட்டினான். படகுத்துறைப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவனுடைய ஆபீஸ். நல்ல தமிழ் பேசினான், மதுரையோ திண்டுக்கல்லோ.

"அக்கா, நாளைக்கே கையில தர்றேன். உலகம் பூரா செல்லும். பத்து வருஷத்துக்குக் கவலையில்ல."

ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினான். பளபளவென்று பிளாஸ்டிக் அட்டை, உலக உருண்டைப் படம், சாய்த்தால் மின்னுகிற முத்திரை. ராஜா வீட்டு அழைப்பிதழ் தோற்றது.

"ஒரு வருஷந்தான் கொடுப்பாங்கன்னு சொன்னாங்களே தம்பி."

"அது சாதாரணம்க்கா. இது ஸ்பெஷல்."

"என் லைசென்ஸ்ல இன்னும் நாலு வருஷந்தான் இருக்கு. அது செத்த பிறகும் இது உயிரோட இருக்குமா?"

அவன் பேனாவைத் தேடினான். நான் எழுந்து வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் எனக்குத் தலை நிமிர்ந்திருந்தது. இந்த இடத்தில் என்னைக் காப்பாற்றியது மருமகனின் பட்டியல்தான், அதில்தான் ஒரு வருஷம் என்று எழுதியிருந்தது. அதை அப்போது ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறைப்படி விண்ணப்பம் போட்டேன். டாக்டரிடம் கண்ணையும் காதையும் காட்டி சர்டிபிகேட் வாங்கினேன். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், எல்லாவற்றுக்கும் நகல், நாலு போட்டோ. சில நாளில் புத்தகம் வந்தது. கையில் வாங்கியதும் சப்பென்று போய்விட்டது. மங்கிய சாம்பல் அட்டை. உள்ளே மெலிசான தாள்கள், பல மொழிகளில் ஒரே சங்கதி. கடைசிப் பக்கத்தில் என் போட்டோவைப் பசை போட்டு ஒட்டி, மேலே ஒரு ரப்பர் முத்திரை குத்தியிருந்தது. நடுவில் இரண்டு பின். ஏஜென்ட் காட்டிய கள்ள அட்டை இதைவிட நூறு மடங்கு அசல் மாதிரி இருந்தது.

எனக்குத் தூக்கம் போயிற்று. போட்டோவின் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது. விமான நிலையத்தில் பத்துப் பேர் கை மாறும். யாராவது என் போட்டோவைக் கிள்ளிவிட்டு வேறொருத்தி படத்தை ஒட்டினால்? மழையில் நனைந்து முத்திரை கலைந்தால்? அங்கே போலீஸ்காரன் என்னை நிறுத்தி, இது யார் என்று கேட்டால் எந்த பாஷையில் சொல்வேன்?

எங்கள் ஊரில் இதற்கு ஒரே வைத்தியம்தான். எது முக்கியமோ அதை லாமினேட் செய்வோம். என் வீட்டில் பிறப்புச் சர்டிபிகேட் லாமினேட், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் லாமினேட், வீட்டுக்காரரின் இறப்புச் சர்டிபிகேட் லாமினேட். பாலஸ் ரோட்டில் நான் வழக்கமாகப் போகிற போட்டோஸ்டாட் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சேச்சி, இது புக்கல்லே? லாமினேட் செய்யான் பற்றில்லா." முடியாதாம்.

"பின்னைக் கழற்று. ஒவ்வொரு தாளா போடு."

"வேணோ சேச்சி? பின்னே இது புக் ஆவில்லா."

"நான்தானே சொல்றேன். போடு."

அவள் பின்னைக் கழற்றினாள். தாள்கள் ஒவ்வொன்றாக மெஷினுக்குள் போய் சூடாக, விறைப்பாக வெளியே வந்தன. போட்டோ இருந்த பக்கத்தைக் கடைசியாகப் போடச் சொன்னேன். இனி எவன் கிள்ளுவான் பார்ப்போம் என்று அத்தனை திருப்தி. எல்லாவற்றையும் ஓரத்தில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து, வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

மறுநாள் மத்தியானம் வீடியோவில் மகளைக் கூப்பிட்டேன். புறப்பட ஐந்து நாள்தான் இருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் போல, போனை எடுத்தது மருமகன். வைத்துவிடலாமா என்று நினைத்தேன். பிறகு, இவனும் பார்க்கட்டும் என்று கயிற்றோடு தூக்கிக் காட்டினேன்.

"உங்க பட்டியல்ல இருந்த புத்தகம் வந்தாச்சு. பார்த்துக்குங்க. தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

அவன் முகத்தைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்தான். மெதுவாகக் கேட்டான்.

"அம்மே, அது... பேஜெல்லாம் வேறே வேறே ஆக்கியோ?"

என்னை அவன் அம்மே என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. அது காதில் விழுந்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கெட்ட செய்தி இல்லாவிட்டால் இவன் ஏன் அம்மே என்கிறான்?

பிரித்த புத்தகத்தை யாரும் ஏற்கமாட்டார்கள், தாளை மாற்றியிருப்பதாகத்தான் நினைப்பார்கள் என்று தமிழும் மலையாளமுமாகச் சொன்னான். ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவனோ தலையைக் குனிந்துகொண்டு வேறொன்றைச் சொன்னான்.

"ஞான் இவிடத்தெ டெஸ்டில ரெண்டு தடவை தோற்று, அம்மே. அதுகொண்டா அம்மய புத்திமுட்டிச்சே. பறயான் நாணமாயிருந்நு."

ரெண்டு தடவை தோற்றிருக்கிறான், வெட்கத்தில் சொல்லவில்லை. அதற்காகத்தான் என்னைச் சிரமப்படுத்தினானாம். இவன் எதையோ மறைக்கிறான் என்று நான் நினைத்தது சரிதான். இவ்வளவு சின்னதையா மறைத்தான் என்றுதான் இருந்தது.

போனை வைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பிளாஸ்டிக்கைப் பிரிக்கப் பார்த்தேன். போட்டோ பக்கம் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உரிந்து வந்தது. என் மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஏஜென்டிடம் ஏமாறவில்லை, எவனும் என்னை ஏய்க்கவில்லை. எல்லாரிடமிருந்தும் காப்பாற்றிக் கொண்டுவந்து நானே என் கையால் கெடுத்தேன்.

மறுநாள் காலை டிரிப் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் என் வயசு அம்மாள் ஒருத்தி இருந்தாள். கயிற்றில் கோத்த தாள்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது ஆரா செய்தே?"

போகிற வழியில் நான் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். கடைக்காரி தெரியாமல் செய்துவிட்டாள் என்று. அந்தப் பெண் வேணோ சேச்சி என்று கேட்டது ஞாபகம் வந்தது.

"ஞான் தன்னே," என்று என்னையே காட்டினேன்.

நடந்ததை எழுதிக் கொடுத்து, புதிதாக விண்ணப்பம் போட வேண்டும், நான் புறப்படுவதற்குள் கைக்கு வராது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். மகளுக்குப் பிரசவமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

வேனுக்குள் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"டிக்கெட்டை ரத்து பண்ணிடு," என்றேன். "ஓட்ட முடியாதவ வந்து என்ன செய்ய? உனக்கு வேண்டியது டிரைவர். நான் புத்தகத்தைக் கெடுத்துட்டேன். வேற ஆளப் பாரு."

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போக வழி இருக்கு. போன் பண்ணினா ஆம்புலன்ஸ் வரும். பக்கத்து வீட்டு அம்மாவும் தன் கார்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க."

"எப்பவிருந்து?"

"முதல்லயிருந்தே."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப என்னை எதுக்குடி கண்ணைக் காட்டு, காதைக் காட்டுன்னு அலைய விட்டீங்க? நான் அப்பவே நினைச்சேன், இதுல என்னமோ இருக்குன்னு. ரெண்டு பேரும் சேர்ந்து ஆடின நாடகமா?"

"அவனுக்கு இதுல பங்கில்ல. ஆம்புலன்ஸைவிட நீ ஓட்டினாத்தான் தைரியம்னு நிஜமாவே நம்பினான். மூணு நாள் உக்காந்து அந்த லிஸ்ட் எழுதினான். நாடகம் நான் ஆடினதுதான்."

"ஏன்?"

"சும்மா வான்னு கூப்பிட்டா நீ வருவியாம்மா?"

போன வருஷமும் கூப்பிட்டாள், அதற்கு முந்தின வருஷமும் கூப்பிட்டாள். வேனை யார் ஓட்டுவார்கள் என்றேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது என்றேன். அவன் வீட்டுச் சோற்றில் கை வைக்க எனக்கு இஷ்டமில்லை என்பதை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"வேலைன்னு சொன்னாத்தான் நீ வருவ," என்றாள். குரல் மாறியிருந்தது. "எனக்குப் பயமா இருக்கும்மா. நான் நர்ஸுதான். எத்தனையோ பேருக்குப் பக்கத்துல நின்னிருக்கேன். ஆனா எனக்கு வலிக்கும்போது இங்க எல்லாரும் மெதுவாப் பேசுவாங்க. அவனும் மெதுவாத்தான் பேசுவான். மெதுவாப் பேசப் பேச எனக்குப் பயம் ஜாஸ்தியாகும். நீ பக்கத்துல நின்னு என்னை ஏசணும். வாயில வர்றதெல்லாம் சொல்லி ஏசணும். அதுக்குத்தாம்மா உன்னைக் கூப்பிட்டேன்."

வேன் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, உள்ளே ஒரே புழுக்கம். நான் அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியக் கூடாது என்று கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். பிறகு ஆரம்பித்தேன்.

"அட கழுதை, இதைச் சொல்ல உனக்கு வாயில்லையா? புத்தி எங்கடி போச்சு? வயித்துப் பிள்ளைக்காரி நாடகமா ஆடுற? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்? டிக்கெட்டை மட்டும் ரத்து பண்ணிப் பாரு, தெரியும் சேதி!"

ஊரில் உள்ள எல்லா வார்த்தையும் வந்தது. மறுபக்கம் அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஏசி முடிக்கிறவரை அவள் போனை வைக்கவில்லை.